ஏழுமலையின் இதயம் வலப்பக்கம் இருந்த பத்து நாட்கள்

போன வாரம் நம் ஆய்வகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, 'நம் முன்னாள் ஆய்வாளர்கள் இன்று எங்கே' என்ற தலைப்பில் நான் வந்து பேச வேண்டுமாம். கூடவே ஒரு ஸ்லைடையும் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்பது முகங்கள், ஒன்பது புன்னகைகள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு வெளிநாட்டின் பெயரோ ஒரு மருந்துக் கம்பெனியின் பெயரோ இருந்தது. பேச்சுக்குப் பத்து நிமிடம், பிறகு டீ, சமோசா.

நான் வரவில்லை, எழுதி அனுப்புகிறேன். பத்து நிமிடத்தில் முடி என்று என்னிடம் சொன்ன யாரும் இதுவரை அதில் ஜெயித்ததில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, நான் சொல்ல நினைக்கிற ஆளின் முகம் அந்த ஸ்லைடில் இல்லை.

ஸ்லைடில் இருப்பவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். மேல் வரிசையில் முதலில் இருப்பவன் எலியின் இதயத்தை ஐந்து வருடம் ஆராய்ந்தவன். இப்போது குளிர் நாடு ஒன்றில் பெரிய பதவியில் இருக்கிறான். ரசப்பொடி தீர்ந்தால் மட்டும் எனக்கு ஃபோன் செய்வான். நடுவில் கண்ணாடி போட்டிருப்பவள் மருந்துக் கம்பெனியிலிருந்து விலகி விம்கோ நகர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். ஸ்லைடு தயாரித்தவர்களுக்கு அது இன்னும் தெரியாது. எலிகளே பரவாயில்லை மேடம், அதுங்க குறைந்தபட்சம் கூண்டுக்குள் இருக்கும் என்று போன தீபாவளிக்குச் சொன்னாள். ஆனால் முகம் நிறைந்த சந்தோஷத்தோடுதான் சொன்னாள்.

ஸ்லைடில் இல்லாதவன் பெயர் ஜாபர். பழைய வண்ணாரப்பேட்டைப் பையன். அவன் அப்பாவுக்குக் கீல், தாழ்ப்பாள், பூட்டு விற்கிற கடை. முனைவர் பட்டத்துக்காக நம்மிடம் சேர்ந்த இரண்டாவது வருடத்தில், துறைமுகத் தொழிலாளர்களின் இதயத்துடிப்பைப் பற்றிய எங்கள் ஆய்வில் இறங்கினான். ராயபுரத்தில் ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடி அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் இ.சி.ஜி. முகாம் போட்டோம். ஜாபர் எடுப்பான். நான் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். வந்தவர் கேட்டால் ஒரு நகலும் கொடுப்போம்.

இ.சி.ஜி. எடுப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கை கால்களில் நான்கு கிளிப், மார்பில் ஆறு குமிழ். வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், கால்களுக்குப் பச்சையும் கறுப்பும். முதல் நாள் கற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் மறந்துவிட்டு, கை தானாகச் செய்கிற வேலை. அந்த மாடி அறையில் மின்சார பிளக் வடக்குச் சுவரின் மூலையில் இருந்ததால் கட்டிலின் தலைமாட்டை வடக்கே வைத்திருந்தோம். அப்படிப் படுப்பவரின் வலது கை மேற்குச் சுவர் பக்கமும் இடது கை ஜன்னல் பக்கமும் வரும். ஜாபர் அதை வைத்து வேகத்துக்காக ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். சுவர் பக்கம் சிவப்பு, ஜன்னல் பக்கம் மஞ்சள். ஆள் மாறினாலும் கட்டில் மாறாதே. அந்த வழியில் அறுபத்து மூன்று பேரைப் பிசகில்லாமல் எடுத்து முடித்தான். நானும் அவன் வேகத்தைப் பாராட்டினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அறுபத்து நான்காவது ஆள் ஏழுமலை. துறைமுகத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்துக்காகச் சரக்குக்குக் கொக்கி மாட்டுகிறவர். கிரேனுக்குக் கீழே பதினெட்டு வருடம் நின்றவர். கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சூரியன் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டார். வடக்கால தலை வச்சிப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தலையணையைத் தூக்கித் தெற்கே போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். ஐந்து நிமிட வேலைதானே, எப்படிப் படுத்தால் என்ன என்று நான் விட்டுவிட்டேன். ஜாபருக்கோ கம்பி அவ்வளவு தூரம் எட்டுமா என்பதுதான் கவலை. இழுத்துப் பார்த்தான், எட்டியது. சுவர் பக்கம் சிவப்பு, ஜன்னல் பக்கம் மஞ்சள் மாட்டினான்.

தாள் வெளியே வந்ததும் ஜாபர் என்னிடம் ஓடி வந்தான். முதல் கோடு தலைகீழாக விழுந்திருந்தது. இதயம் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் இருக்கிறவர்களுக்குத்தான் அப்படி வரும். பல்லாயிரத்தில் ஒருவருக்கு அமைவது. பாடப்புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்த பரவசம் பையனுக்கு. தனிக் கட்டுரையே எழுதலாம் மேடம் என்றான். எனக்கும் வயிறு நிறைய பிரியாணி, மனம் நிறைய கட்டுரை. தாளின் மேல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, 'இதயம் வலப்பக்கம் இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஆராய்ச்சிப் பட்டத்தால் டாக்டர் ஆனவள், வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. அந்த வரியை எழுத எனக்கு உரிமையே கிடையாது.

ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னோம். பயப்படுவார் என்று தண்ணீர் பாட்டில்கூடத் தயாராக வைத்திருந்தோம். அவர் கொஞ்ச நேரம் வலப்பக்க மார்பைத் தடவிப் பார்த்தார். "அப்போ இத்தினி வருசமா இங்கயா கீது?" என்று கேட்டார். பிறகு நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில், அதுவும் வலப்பக்கப் பையில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக் கீழே இறங்கிப் போனார்.

அடுத்த பத்து நாளில் காலடிப்பேட்டையில் அவர் தெருவே அவர் மார்பில் காது வைத்துக் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தெளிவாகக் கேட்கிறது என்றாராம். எதிர் வீட்டுக்காரர் லேசாகக் கேட்கிறது என்றாராம். அவர் மனைவி மட்டும், எங்க இருந்தா எனக்கின்னா, குழாயடியில குடத்தை எடுத்தாந்து வை என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தெருவிலேயே அறிவியல் மனம் படைத்தவர் அவர் ஒருவர்தான்.

பதினோராம் நாள் காலை ஏழுமலை நம் ஆய்வகத்துக்கு வந்தார். நெஞ்சு நிமிரவில்லை. அவர் கம்பெனியில் கிரேன் ஓட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பயிற்சியும் லைசென்ஸும் அவர் எப்போதோ முடித்து வைத்திருக்கிறார். மருத்துவத் தகுதி ஒன்றுதான் பாக்கி. அதற்கான விண்ணப்பத்தோடு, கேட்காமலே, பெருமையாக எங்கள் தாளையும் வைத்துக் கொடுத்திருக்கிறார். பணியாளர் பிரிவு அதிகாரி அதைப் படித்துவிட்டு, இதயம் இடம் மாறிக் கிடக்கிற ஆளை அவ்வளவு உயரத்தில் ஏற்ற மாட்டேன் என்று கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டார். மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். அதை விட்டால் அவர் வயதுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது.

அவர் எங்களிடம் கேட்டது என்ன தெரியுமா? இதயம் வலப்பக்கம் இருந்தாலும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று ஒரு கடிதம். அந்த நிலைமையிலும் வலப்பக்கத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கடிதத்துக்கு முன்னால் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று ஆய்வகக் கட்டிலில் படுக்க வைத்தோம். அந்தக் கட்டிலின் தலைமாடு கிழக்கே. ஏழுமலை திசையைச் சரிபார்த்துவிட்டுத் திருப்தியாகப் படுத்தார். தாள் வந்தது. எல்லாக் கோடுகளும் ஒழுங்காக இருந்தன. ஊரில் எல்லாருக்கும் இருக்கிற இடத்தில்தான் அவருக்கும் இதயம் இருந்தது.

ஜாபர் பழைய தாளை எடுத்து வந்தான். அதன் கீழ்ப் பாதியை, அதாவது மார்புக் குமிழ்கள் வரைகிற பாதியை, நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மார்புக் குமிழ்களை எலும்பைத் தொட்டு எண்ணி வைப்பதால் அவை தப்பவில்லை. கீழ்ப் பாதி அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. இதயம் நிஜமாகவே வலப்பக்கம் இருந்தால் அதுவும் மாறியிருக்க வேண்டும். மேல் பாதி மாறி, கீழ்ப் பாதி சரியாக இருந்தால் கம்பியை மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை நான் வருடா வருடம் புதியவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். உங்களுக்கும் யாராவது எடுப்பார்கள்.

ஜாபர் கட்டிலையும் ஏழுமலையையும் மாறி மாறிப் பார்த்தான். அன்னைக்கு நீங்க திரும்பிப் படுத்தீங்க இல்ல என்று கேட்டான். பின்னே வடக்கால தல வெக்கச் சொல்றியா நைனா என்றார் ஏழுமலை. பையன் என் பக்கம் திரும்பி, அப்போ இவர் வலது கை ஜன்னல் பக்கம் போயிருக்கும் மேடம், நான் சிவப்பைச் சுவர் பக்கமே மாட்டிட்டேன் என்றான்.

விஷயம் எங்கள் ஆய்வகத் தலைவரிடம் போனது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எங்கள் ஆய்வுக்குப் பணம் தருகிற நிதிக் குழு அந்த மாதம் வர இருந்தது. புது ரிப்போர்ட் ஒன்று கொடுத்து அனுப்பிவிடுங்கள், பழையதைப் பற்றிப் பேச்சு வேண்டாம், ஒரு கம்பி மாறியது என்று எழுதினால் அறுபத்து நான்கு தாளையும் சந்தேகப்படுவார்கள் என்றார். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது. உடனே என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்றெல்லாம் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அது நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அதை எழுப்பியவர் ஏழுமலை. புது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "பத்து நாளு முன்ன ரைட்டு, இன்னிக்கு லெஃப்ட்டுன்னா, நான் எவனையோ புட்ச்சி மாத்தி வாங்கினு வந்துட்டேன்னுதான் மேடம் சொல்லுவானுங்க. இருக்கற கொக்கி மாட்ற வேலையும் பூடும்" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த இரண்டாவது தாள் முதல் தாளைவிட ஆபத்தானது. முதலில் நடந்தது தப்பு என்று ஒப்புக்கொண்டால் ஒழிய இரண்டாவதை யாரும் நம்ப மாட்டார்கள். ஜாபர் உடனே எழுத உட்கார்ந்தான். நான்தான் மேடத்தனமாக, விஞ்ஞான நடையில் எழுதித் தருகிறேன் என்று பேனாவைப் பிடுங்கினேன். 'பதிவின்போது கம்பிகள் இடம் மாறியிருக்க நேர்ந்துள்ளதாக அறியப்படுகிறது' என்று எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. ஏழுமலை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "கம்பி தானா எந்திரிச்சிப் போயி மாட்டிக்கிச்சா மேடம்?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் என் கட்டுரைகளுக்கு எத்தனையோ வல்லுநர்கள் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு சரியான இடத்தில் கை வைத்ததில்லை.

தாளைக் கிழித்துப் போட்டேன். ஜாபர் தன் கையால் எழுதினான். 'நான் ஜாபர். இவருடைய வலது கையில் மாட்ட வேண்டியதை இடது கையில் மாட்டினேன். இவர் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, தவறு என்னுடையது.' என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை. கீழே நான், 'பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காமல் கையெழுத்திட்டேன்' என்று எழுதி, இந்த முறை பார்த்துக் கையெழுத்திட்டேன். தலைவர் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தடுக்கவில்லை, அதுவரைக்கும் அவருக்கு நன்றி.

மறுநாள் மதியம் நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில், மடியில் இ.சி.ஜி. பெட்டியோடு, துறைமுக வாசலுக்கு அருகில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். கடிதத்தைப் படித்தார். கம்பி மாறினால் இதயம் மாறுமா, காதில் பூ சுற்றாதீர்கள் என்றார். நான் மின்னோட்டம், திசை, முக்கோணம் என்று விளக்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் அறையில் இருந்த எல்லாருடைய கண்ணும் செருகிவிட்டது. கடிகாரத்தில் மணி மூன்று.

அப்போது ஜாபர், சார், நீங்களே கொஞ்சம் படுக்கிறீர்களா என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதிகாரிக்குப் பின்னால் நின்ற அலுவலகமே சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தது. அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நீள மேசையில் படுத்தார். பேண்ட்டை மேலே ஏற்றி சாக்ஸைக் கழற்றியபோது ஒரு சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. ஜாபர் வேண்டுமென்றே கைக் கம்பிகளை மாற்றி மாட்டி ஒரு தாள் எடுத்தான். ஏழுமலையின் பழைய தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். இரண்டிலும் முதல் கோடு தலைகீழாக இருந்தது.

அதிகாரியின் முகத்தில் கஞ்சி இறங்கிவிட்டது. அப்படின்னா எனக்கும் வலது பக்கமா என்று மெல்லக் கேட்டார். ஏழுமலை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "ஒண்ணும் ஆவாது சார். நான் பத்து நாளு இப்டித்தான் இருந்தேன்" என்றார்.

மொதல்ல எனக்குச் சரியா மாட்டிக் காட்டுப்பா என்று அதிகாரி ஜாபரிடம் கெஞ்சினார். சரியாக மாட்டினான், கோடு நிமிர்ந்தது. மேசையிலிருந்து இறங்கிய மனிதர் ஷூவைக்கூடப் போடாமல் ஏழுமலையின் கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு கம்பெனி டாக்டரிடம் போனார். நான்கரை மணிக்கு டாக்டர் தகுதி என்று எழுதினார். ஐந்து மணிக்குப் பட்டியலில் ஏழுமலையின் பெயர் இருந்தது. அவர் ஜாபரின் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கதையை இங்கேயே முடித்தால் ஸ்லைடில் போடலாம். ஆனால் மிச்சமும் இருக்கிறது. தலைவர் பயந்தது போலவே நிதிக் குழு அறுபத்து நான்கு பேரையும் மறுபடி எடுக்கச் சொன்னது. ஜாபர் பெட்டியைச் சுமந்துகொண்டு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வீடு வீடாகப் போனான். மாதக்கணக்கில் அலைந்தான். மற்ற அறுபத்து மூன்றில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அதற்குள் அவன் உதவித்தொகைக் காலம் முடிந்தது. நீட்டிப்பு கேட்டோம், கிடைக்கவில்லை. பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்ப் பூட்டு விற்றான். தப்பு இரண்டு பேருடையது. எனக்கு வாய் வார்த்தையாக ஒரு கண்டிப்பு, பிறகு பூமாலையோடு ஓய்வு. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவனுக்காக நான் இன்னும் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

பூட்டுக் கடையில் அவன் ரொம்ப நாள் இருக்கவில்லை. அந்தக் கம்பெனி டாக்டர், மேசைமேல் அதிகாரியைப் படுக்க வைத்த பையன் யார் என்று விசாரித்து, தன் டெக்னீஷியன்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவனை அழைத்தார். ஒரு கிளினிக் சொல்லி இன்னொரு கிளினிக் கூப்பிட்டது. இப்போது அவனுக்கு அதுதான் முழுநேர வேலை. புழலிலிருந்து எண்ணூர் வரை இ.சி.ஜி. எடுக்கிற பெண்களுக்கும் பையன்களுக்கும் பயிற்சி கொடுக்கிறான். வகுப்பின் முதல் அரைமணி நேரம் இயந்திரத்தைத் தொடவே விட மாட்டானாம். ஒரு கட்டிலைக் காட்டி, இதைப் பார்க்காதே, இதன்மேல் படுத்திருக்கிற ஆளைப் பார் என்பானாம்.

ஏழுமலை இன்றும் கிரேனில் இருக்கிறார். தெருவில் மட்டும் அவர் இதயம் இன்னும் வலப்பக்கம்தான். அவர் திருத்தவில்லை, மரியாதை கிடைக்கிற இடத்தில் எதற்குத் திருத்துவது?

போன மாதம் மேம்பாலப் படி ஏறும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. காரணம் முந்தின நாள் சாப்பிட்ட நண்டு என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாதே. வியர்த்துக் கொட்ட, திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக்குக்குள் நுழைந்தேன். இருபது வயதுதான் இருக்கும் ஒரு பெண், இ.சி.ஜி. எடுக்கணும், படுங்கம்மா என்றாள். கட்டிலைப் பார்த்தேன். எனக்குத் திசையில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வலியிலும் ஒரு குறும்பு தலைதூக்கியது. தலையணையை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

அவள் கட்டிலைக் கவனிக்கவே இல்லை. சிவப்புக் கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வலது கையைத் தூக்குங்கம்மா என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ஜாபர் சார் என்றாள்.

அந்த ஸ்லைடில் பத்தாவதாக ஒரு முகத்துக்கு இடம் ஒதுக்குங்கள். கீழே என்ன எழுதுவது என்று கேட்டால், நடந்ததை அப்படியே எழுதுங்கள். கட்டிலில் படுத்திருந்த எனக்கு அந்த நிமிடம் என்ன ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபத்தெட்டு வருடம் இதயத்தை ஆராய்ந்தவள், பயத்திலும் சந்தோஷத்திலும் சட்டென்று கையைத் தூக்கினேன்.

அந்தப் பெண் கிளிப்பை மாட்டாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"அது லெஃப்ட்டும்மா" என்றாள்.